பிடிச்சாச்சா?

கருங்கல் ரசலையன் அறுத்த கோழியைப் பல் இல்லாதவனும் தின்பான் என்று கல்குளம், விளவங்கோடு இரண்டு தாலுகாவிலும் ஒரு பேச்சு உண்டு. பேச்சில் பாதியைக் கிளப்பிவிட்டவன் ரசலையனேதான். ஆள் பனை உயரம். குரல் அதைவிட உயரம். திங்கள்சந்தையில் அவன் கோழி விலை கேட்டால், அடிதடி என்று நினைத்துப் பக்கத்தில் கிழங்கு விற்கிறவள் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

கல்யாண வீடுகளுக்குக் கோழி வாங்கிக் கொடுப்பதும் அறுத்துக் கொடுப்பதும் அவன் தொழில். கூடவே அவன் பெண்டாட்டி நேசபாயும் போவாள். அந்தப் பக்கத்தில் பெண்கள் கோழி அறுக்கமாட்டார்கள். ஆண் இல்லாத நேரம் பார்த்து விருந்தாளி வந்துவிட்டால், ஒரு கையில் கோழியும் மறு கையில் பிச்சாத்திக் கத்தியுமாக வழியோரம் நின்று, போகிற வருகிற எவனையாவது கூப்பிட்டு அறுத்து வாங்குவார்கள். அதனால் பிடிக்கிற வேலை நேசபாய்க்கு, அறுக்கிற வேலை ரசலையனுக்கு. அவள் கோழியை மடியில் வைத்து முந்தானையால் மூடி, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாள்.

ரசலையன் பிச்சாத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டே, "பிடிச்சாச்சா?" என்பான். பதில் வராது.

"ஏட்டி, பிடிச்சாச்சா?"

கொஞ்சம் பொறுத்து, "ம்" என்பாள். அவள் விரலிடுக்கில் கழுத்து மட்டும் தெரியும். ஒரே இழுப்பு. அவ்வளவுதான்.

"ரத்தத்தக் கண்டா எம்பெண்டாட்டிக்குப் பயம். ஒரு கோழியப் பிடிக்கதுக்கு ஒரு சங்கீதம் பாடி முடிச்சிரலாம்" என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். கறி எப்படி அவ்வளவு மிருதுவாக இருக்கிறது என்று கேட்டால் பிச்சாத்தியைத் தூக்கிக் காட்டுவான். "கோழிக்கே தெரியாது, கேட்டியா? எல்லாம் கை வாக்கு!"

கொல்லம் ஆயிரத்து நூற்றேழு சித்திரையில் இரணியல் பக்கம் ஜெபமணி உபதேசியாரின் பேத்திக்குக் கல்யாணம் வந்தது. உபதேசியார் சபையில் வேதம் சொல்லியே தலை நரைத்தவர். மதுவிலக்குச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர். அக்கானி என்கிற பதநீர்க் கலயம் வீட்டுக்குள் வந்தால்கூட, சுண்ணாம்பு இட்டதுதானா, புளித்த வாடை அடிக்கிறதா என்று மோந்து பார்த்துத்தான் விடுவார். வாயில் ஒரு பல் கிடையாது. பந்தி பந்தியாக ஆட்டுக்கறியைக் கண்ணால் பார்த்துவிட்டு, சாறும் சோறும் மட்டும் தின்று எழுந்த மனிதர். பேத்தி கல்யாணத்திலாவது மாப்பிள்ளை வீட்டாருக்குச் சமமாக உட்கார்ந்து கறி தின்றுவிட வேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. "ஆடு வேண்டாம். கோழி மதி. ரசலையனக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டார்.

ரசலையனும் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் நெஞ்சைத் தட்டி, "அய்யா, ஈறாலயே கடிச்சுத் தின்னலாம். முடியல்லேன்னா, ரசலையன் கோழி அறுக்கான்னு இனி ஒருத்தனும் சொல்லப்பிடாது!" என்று முழங்கிவிட்டு வந்தான்.

அந்த வாரம் பார்த்து நேசபாயின் காலில் தாழை முள் ஏறிப் பழுத்துவிட்டது. நெய்யூர் ஆசுபத்திரியில் கீறி, கட்டுப் போட்டு, காலை ஊன்றக் கூடாது என்று படுக்க வைத்துவிட்டார்கள். ரசலையன் அசரவில்லை. கோழி பிடிக்க ஓர் ஆள்தானே? பெண்டாட்டியின் தம்பி டைட்டஸைக் கூட்டிக்கொண்டு, பஞ்சாரம் பஞ்சாரமாகக் கோழியை வண்டியில் ஏற்றிக் கல்யாண வீட்டில் போய் இறங்கினான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள். வீட்டு ஆட்களின் மத்தியானச் சாப்பாட்டுக்காகச் சில கோழிகளை அறுத்தார்கள்.

"பிடிச்சாச்சா?"

"பிடிச்சாச்சு அத்தான்!" கேட்டு வாய் மூடும் முன்னால் டைட்டஸ் கத்தினான். அறுத்துக் கீழே போட்டதும் கோழி முற்றம் முழுக்க அடித்துப் புரண்டது. ரசலையனுக்கு ஒரே சந்தோஷம். நேசபாயோடு என்றால் இந்த நேரத்தில் பாதி வேலைகூட ஆகியிருக்காது.

பந்தியில் உபதேசியார் ஒரு துண்டை வாயில் போட்டார். இந்தக் கன்னத்துக்குத் தள்ளினார், அந்தக் கன்னத்துக்குத் தள்ளினார். கண்ணை மூடிப் பார்த்தார். கடைசியில் எடுத்து இலையோரத்தில் வைத்துவிட்டு ரசத்துக்குக் கை நீட்டினார். அந்தத் துண்டு முழுசாக அப்படியே இலையில் இருந்ததை ரசலையன் பார்த்தான்.

சமையல் நடக்கிற ஆக்குப்பெரைக்கு ஓடினான். வைப்புக்காரர் ஏசுஅடிமை ஒரு றெக்கையைப் பிய்க்க முயன்றுகொண்டிருந்தார்.

"என்ன வேய் இது? கோழியா, தென்னங்கொதும்பா? ரெண்டு வெறகு கூடுதலா வச்சுப் பாத்தாச்சு, வேகமாட்டேங்கு. றெக்கையப் பாரும், ரத்தம் கட்டிச் செவந்து கெடக்கு."

"எல்லாம் நம்ம திங்கள்சந்தைக் கோழிதான் வேய்! அதே பிச்சாத்தி, அதே கை!"

"அதே கறியில்லியே. நாளைக்கு மாப்ள வீட்டுக்காரன் இதத் தின்னான்னா, பொண்ண விட்டுட்டுப் பல்லத் தேடிட்டுப் போவான். இன்னா பாரும், சாயங்காலத்துக்குள்ள வழி சொல்லும். இல்லேன்னா கோழி அறுக்க நான் வேற ஆளு கூப்பிடுவேன். பொறவு ஒம்ம பேரு, ஒம்ம பாடு."

வேறு ஆள்! ரசலையன் இருக்கிற கல்யாண வீட்டில் வேறு ஆள்! அவன் முகம் தேள் கொட்டினதுபோல ஆகிவிட்டது. டைட்டஸைப் பிடித்து உலுக்கினான். "லேய், நீ எப்பிடிப் பிடிச்ச?"

"நல்லாத்தான் அத்தான் பிடிச்சேன். கண்ணு பிதுங்குத மாதிரி இறுக்கிப் பிடிச்சேன்."

"கோழி வல்லாத்த துடி துடிச்சது. அதான் காரியம்" என்றார் ஏசுஅடிமை. "மண்டையில ஒண்ணு போடும். மயங்கிக் கெடக்கும்போ அறும்."

அதுவும் ஒரு வழிதானே? ரசலையனுக்கு உற்சாகம் பொங்கிவிட்டது. மூன்று கோழியை மூன்று விதமாக மயக்கிப் பார்ப்பது, தனித்தனிச் சட்டியில் வேகவைப்பது, உபதேசியார் வாயிலேயே போட்டுப் பார்ப்பது என்று முடிவாயிற்று.

முதல் கோழியின் மண்டையில் உலக்கைப் பூணால் ஒரு தட்டு. தலை தொங்கிற்று. "கண்டீரா!" என்று ரசலையன் பிச்சாத்தியை வைத்தானோ இல்லையோ, தலை தொங்கினபடியே றெக்கை மட்டும் முறம் புடைப்பதுபோல அடிக்க ஆரம்பித்தது. டைட்டஸின் மூக்கில் ஒன்று, கன்னத்தில் ஒன்று. இறகு பிடுங்கிப் பார்த்தால் ஒரு றெக்கை எலும்பு முறிந்திருந்தது. நெஞ்சிலெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் புள்ளி.

இரண்டாவது கோழியைக் காலைப் பிடித்துத் தலைகீழாக வட்டம் சுற்றினான். ராட்டினம் சுற்றினதுபோலக் கோழிக்குத் தலை கிறங்கியது. சுற்றினவனுக்கும் கிறங்கியது. இவன் தெளிந்து பிச்சாத்தியை எடுப்பதற்குள் கோழி தெளிந்துவிட்டது.

மூன்றாவது வழி டைட்டஸ் சொன்னது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அத்தான் காதில் சொன்னான். ரசலையன் திடுக்கிட்டு வீட்டுப் பக்கம் பார்த்தான். பிறகு, "போ, சீக்கிரம் போ" என்றான். வேலிக்கு அப்புறம் பனையேறி ஒருவரிடமிருந்து ஒரு சிரட்டை கள் வந்தது. கோழியின் வாயைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்கள். சிறிது நேரத்தில் அது ஒரு பக்கமாக நடந்தது, நின்று யோசித்தது, டைட்டஸின் காலிலேயே சாய்ந்துவிட்டது. அறுக்கும்போது ஓர் அசைவு இல்லை.

மூன்று சட்டியும் வெந்ததும் உபதேசியாரை ஆக்குப்பெரைக்கே அழைத்து வந்து முக்காலி போட்டு உட்கார வைத்தார்கள். மண்டையில் அடி வாங்கிய கோழியை ஒரு மெல்லு மென்று துப்பினார். "முந்தினதே தேவலாம்." சுற்றிய கோழிக்கு முகத்தைச் சுளித்தார். "நார்." மூன்றாவதை வாயில் போட்டார். தாடை ஒருமுறை அசைந்தது, இருமுறை அசைந்தது. கண் அகன்றது. விழுங்கிவிட்டார்!

"ஏலே ரசலையா! இதுதாம்லே கோழி! இன்னும் ஒரு துண்டு எடு. கொள்ளாம், கொள்ளாம்! இது என்ன பக்குவம்?"

டைட்டஸ் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "அது வந்து அய்யா, கள்…" என்று ஆரம்பித்தான். ரசலையன் அவன் காலை ஓங்கி மிதித்தான்.

"கள்ளமில்லாத கோழி அய்யா! வேற ஒண்ணுமில்ல!"

"அப்பம் நாளைக்கும் எல்லாம் கள்ளமில்லாத கோழியா இருக்கட்டும்" என்று உபதேசியார் இன்னொரு துண்டையும் எடுத்துக்கொண்டு, துள்ளாத குறையாக வீட்டுக்குப் போனார்.

ஏசுஅடிமை அகப்பையைக் கீழே போட்டார். "கொள்ளாம் வேய்! மதுவிலக்குச் சங்கத் தலைவருக்குக் கள்ளுக் கோழி! நாளைக்கு அத்தனை பஞ்சாரத்துக்கும் குடம் குடமா கள்ளு இந்த நடைக்குள்ள வருமா? பாதிரியார் ஜெபம் பண்ணும்போ கோழியெல்லாம் சேந்து பாட்டு பாடும்!"

ரசலையன் அதைக் காதில் வாங்கவில்லை. கள் குடித்த கோழி டைட்டஸின் கையில் கிடந்த கிடப்பு அவன் கண்ணிலேயே நின்றது. றெக்கை தளர்ந்து, கண் பாதி செருகி, கால் விரல் மடங்கி. இதை எங்கேயோ பார்த்திருக்கிறோமே? எங்கே? எங்கே?

நேசபாயின் மடியில்!

ஆமாம், அவள் மடியில் கோழிகள் அப்படித்தான் கிடக்கும். ஒன்றுகூடத் துடித்துப் பார்த்ததில்லை. இத்தனை வருஷமும் அது தன் பிச்சாத்தியின் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தான். அவன் துள்ளி எழுந்தான்.

"ஏமாத்திட்டாளே! லேய் டைட்டஸு, ஒங்க அக்கா கோழிக்குக் கள்ளு குடுத்திருக்காலே!"

"அக்காளா? அவ கள்ளுக்கடைப் பக்கமே போகமாட்டாளே அத்தான்!"

ரசலையன் பதில் சொல்ல அங்கே இல்லை. பஞ்சாரத்திலிருந்து ஒரு விடைக்கோழியை உருவிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நெய்யூர் சாலையில் ஓடிக்கொண்டிருந்தான். கோழி வழி முழுக்கக் கொக்கரித்தது. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரன், களவாணி என்று நினைத்துச் சாட்டையை ஓங்கினான். "களவில்லவே, சோலி! சோலி!" என்று கத்திக்கொண்டே ஓடினான்.

ஆசுபத்திரி வாசலில் நின்ற ஆள், கோழியோடு உள்ளே விட முடியாது என்று தடுத்தான். ரசலையன் கட்டடத்தைச் சுற்றி ஓடி, பெண்கள் கிடக்கிற பக்கம் ஜன்னல் ஜன்னலாக எட்டிப் பார்த்தான். கடைசி ஜன்னலுக்கு அருகில் காலில் பெரிய கட்டோடு நேசபாய் படுத்திருந்தாள்.

"ஏட்டி! நீ கோழிக்குக் கள்ளு குடுப்பியா?"

அறை முழுக்கத் தலைகள் திரும்பின. நேசபாய் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"இஞ்ச பாருங்க, மெள்ள. எல்லாரும் கேக்காங்க. என்ன கள்ளு? ஆருக்குக் கள்ளு?"

மூச்சிரைக்க எல்லாவற்றையும் சொன்னான். கொதும்புக் கறி, உலக்கைப் பூண், ராட்டினம், சிரட்டைக் கள். கேட்கக் கேட்க அவளுக்குச் சிரிப்பு முட்டியது. கட்டுப் போட்ட கால் வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

"சிரிக்காத! நாளைக்கு எம்பேரு போச்சு. நீ என்ன செய்வ, சொல்லு."

"என்ன செய்வேன்? உறக்குவேன்."

"என்னது?"

"இஞ்ச தாங்க அத."

ஜன்னல் கம்பியின் இடுக்கு வழியாகக் கோழியைப் பிதுக்கிக் கொடுத்தான். அவள் அதை மடியில் வைத்து, றெக்கைகள் உடம்போடு ஒட்டும்படி முந்தானையால் சுற்றினாள். தலையை உள்ளங்கைக்குள் வாங்கிக் கண்ணை மறைத்தாள். மறு கை கோழியின் நெஞ்சில். அப்படியே மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டு இருந்தாள். கொக்கரிப்பு முனகல் ஆயிற்று. முனகலும் நின்றது. பக்கத்துக் கட்டில் பெண்கள் எழுந்து உட்கார்ந்து பார்த்தார்கள். கழுத்து தளர்ந்து அவள் விரலில் சாய்ந்தது.

"ம்" என்றாள் நேசபாய்.

அந்த 'ம்' ரசலையனுக்குத் தெரியும். எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பான்!

"கண்ண மறச்சா ராத்திரின்னு நெனச்சுக்கிடும். அடைகாக்குத கோழிய எடம் மாத்தும்போ எங்கம்ம இப்பிடித்தான் செய்வா. அறுத்த பொறவும் விடப்பிடாது, கேட்டியளா. சேலைக்குள்ள றெக்கைய ஒதுக்கியே வச்சிருக்கணும், அசைவு நிக்குதவரை. கீழ போட்டு அடிச்சுப் புரள விட்டா கறி முறுகிப் போவும்."

"இத ஏன்டி நீ ஒருநாளும் எங்கிட்ட சொல்லல்ல?"

நேசபாய் அவனை அதிசயமாகப் பார்த்தாள். "சொல்லணுமா? நீங்கதான தெனமும் கேப்பிய, பிடிச்சாச்சா, பிடிச்சாச்சான்னு?"

"ஆமா, கேப்பேன். கோழியப் பிடிச்சாச்சான்னு கேப்பேன்."

"கோழியவா?" அவள் வாய் பிளந்துபோயிற்று. "கோழிதான் எங்கையில இருக்குல்லா? அது ஒங்க கண்ணுக்குத் தெரியாதா? உறக்கம் பிடிச்சாச்சான்னுதான கேட்டிய?"

ரசலையன் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றான். பக்கத்துக் கட்டில் கிழவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவனுக்குக் கோபம் வரவில்லை. எங்கிருந்தோ பெரிய சிரிப்பு வந்தது. சிரித்த சிரிப்பில் மடியில் இருந்த கோழி விழித்துக்கொண்டது.

"நாளைக்கு நீங்க பிடிங்க" என்றாள்.

"நான் பிடிச்சா ஆரு அறுக்க?"

"தம்பி அறுப்பான்."

"டைட்டஸா? என் பிச்சாத்திய டைட்டஸுகிட்ட குடுக்கவா?"

"பேரு வேணுமா, பிச்சாத்தி வேணுமா?"

ரசலையன் கோழியை வாங்கிக்கொண்டு திரும்பி ஓடினான்.

மறுநாள் வெள்ளி முளைக்கிற நேரத்தில் ரசலையன் ஆக்குப்பெரைப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். தோளில் கிடந்த துவர்த்துத் துண்டை மடியில் விரித்து ஒரு கோழியைச் சுற்றினான். டைட்டஸ் பிச்சாத்தியோடு குனிந்து நின்றான்.

"பிடிச்சாச்சா அத்தான்?"

"பொறு."

"பிடிச்சாச்சா?"

"பொறு சவமே! சத்தம் போடாத, முழிச்சுக்கிடும்!"

கோழி உறங்கவில்லை. உதைத்தது. ரசலையனின் நெஞ்சு செண்டைமேளம்போல அடிக்கிற சத்தம் அதற்குக் கேட்டிருக்கும். அவசரப்பட்டு "ம்" என்றான். அது துடித்து அவன் கையைவிட்டுத் துள்ளி, வாழையடி வரைக்கும் போய்விட்டது. "வெளங்கினாப்பலதான்" என்று ஏசுஅடிமை அடுப்புப் பக்கமிருந்து தலையில் அடித்துக்கொண்டார். "வேற ஆளக் கூப்பிடவா?"

ரசலையன் அடுத்த கோழியை எடுத்தான். கண்ணை மறைத்தான். நெஞ்சில் கை வைத்து, நேசபாய் விட்டதுபோல மூச்சு விட்டுப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அவ்வளவு நேரம் அவன் வாய் மூடி இருந்ததில்லை. கைக்கு அடியில் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருந்தது மெல்ல மெல்ல நடந்தது. றெக்கை இறங்கியது. காலின் பிடி விட்டது. அட! அட! கத்த வேண்டும்போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "ம்" என்றான்.

டைட்டஸ் அறுத்தான். ரசலையன் துவர்த்தை விடவில்லை. உள்ளே ஒரு சிலிர்ப்பு, அவ்வளவுதான். இறகு பிடுங்கிப் பார்த்தால் றெக்கைக் குருத்து பால்போல வெளுப்பு.

"வேய் ஏசுஅடிமை! வந்து பாரும்!" அவன் போட்ட கூச்சலில் பஞ்சாரத்துக் கோழிகள் அத்தனையும் விழித்துக்கொண்டன. அவற்றை மறுபடி அமர்த்த அவனே பஞ்சாரங்களின்மேல் சாக்கைப் போட்டு மூட வேண்டியதாயிற்று.

வெயில் ஏறுமுன்னால் எல்லாக் கோழியும் முடிந்தது. அவனுக்கு இடுப்பு ஒடிந்தது, கால் மரத்தது, குரல் மட்டும் புத்தம்புதிதாக இருந்தது.

முதல் பந்தியில் மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு அடுத்த இலையில் உபதேசியார் உட்கார்ந்தார். கோழிக்கால் ஒன்றை எடுத்து ஈறால் கடித்து இழுத்தார். கறி எலும்பைவிட்டு வழுகி வந்துவிட்டது. வெற்று எலும்பைப் பந்தி முழுக்கத் தெரியும்படி தூக்கிக் காட்டினார். மாப்பிள்ளை வீட்டார் கைதட்டினார்கள். "நேத்தைய கள்ளமில்லாத கோழியவிட இது ஒரு படி மேல!" என்றார். ரசலையன் தூணுக்குப் பின்னால் நின்று துவர்த்தால் வாயைப் பொத்திக்கொண்டான்.

"இன்னைக்கு அறுத்தது ஆருலே?"

சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த டைட்டஸைக் காட்டினார்கள். உபதேசியார் எழுந்து, மாப்பிள்ளை வீட்டார் கொண்டு வந்த புது நேரியல் ஒன்றை டைட்டஸின் தோளில் போட்டார். "கை வாக்குன்னா இதாம்லே கை வாக்கு!" பந்தி முழுக்க அவன் பேரைக் கேட்டுத் தெரிந்துகொண்டது.

ரசலையனுக்கு வாய் துடித்தது. பிடிச்சது நான் என்று ஒரு சத்தம் போட்டால் பந்தல் கிழியும். வாயைத் திறக்கவும் செய்தான். பிடித்தவள் பேர் இத்தனை வருஷமும் எந்தப் பந்தியில் யார் வாயில் வந்தது என்று நினைத்தான். திறந்த வாயை மூடிக்கொண்டு ஆக்குப்பெரைக்குப் போய், "வேய், ஒரு தூக்குச்சட்டி குடும்" என்றான்.

சாயங்காலம் நெய்யூர் ஜன்னல் வழியாகத் தூக்குச்சட்டி உள்ளே போனது. நேசபாய் மூடியைத் திறந்து முதலில் றெக்கையைத்தான் எடுத்தாள். குருத்தைப் பிட்டு வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இதுல கொஞ்சம் செவப்பு இருக்கே."

"அது… மொதல் கோழியா இருக்கும். கைய விட்டுட்டேன்."

இன்னொரு துண்டை எடுத்துக் கடித்தாள். மென்றாள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் தாடையையே பார்த்தான். உபதேசியார் மெல்லும்போதுகூட அப்படிப் பார்த்ததில்லை.

"இது கொள்ளாம்" என்றாள். "நல்லா உறக்கியிருக்கிய."

"லேய்!" என்று வெளியே வேப்பமரத்தடியில் புது நேரியலோடு நின்ற டைட்டஸைப் பார்த்து ரசலையன் கத்தினான். "கேட்டியாலே? கொள்ளாம்ங்கா!"

"மெள்ள! கால் தேறினதும் நான் வந்து பிடிக்கேன். நீங்க பழையபடி அறுங்க."

"அவன் அறுக்கட்டும். நீ ஒரு கோழியப் பிடி, நான் ஒரு கோழியப் பிடிக்கேன். ஆரு கோழி மொதல்ல உறங்குதுன்னு பாத்துருவோம்."

நேசபாய் அடுத்த துண்டுக்குக் கை நீட்டினாள். "நீங்க வாய மூடுனாதான உறங்கும்" என்றாள்.